பாய்ப்படகில் நன்னீர்

நாஞ்சில் நாட்டாருக்குத் தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேறு எவரும் வரவேண்டுவதில்லை. பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும், தலைமடையில் எவ்வளவு திறந்தால் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை வாய்க்கணக்காகவே சொல்லும் உழவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். அத்தகைய நாட்டிலே பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலையில், கடல் நடுவே ஒரு சிறு குழாயைத் திறந்துவிட்டு, அது இரண்டு முறை இருமி அடங்கியதைக் கண்டு செய்வதறியாமல் நின்றேன். அந்தக் குழாயைப் பற்றியும், அதன் பின்னே மறைந்திருந்த தொட்டி, பம்பு முதலியவற்றைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும், கொச்சியில் விலைக்கு வந்த ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். முப்பதடி நீளம்; துணைக்கு ஒரு சிறு எஞ்சின். அதைக் குளச்சலுக்குக் கொண்டுவரும்போது, "சாரும் வரணும்" என்று அழைத்தார். தை மாதம், கடல் அடங்கிய காலம், ஒப்புக்கொண்டேன். மூன்றாமவராக அவருடைய தாய்மாமனும் வந்தார். இளமையில் தூத்துக்குடித் தோணிகளில் வேலை செய்தவர் அவர். அந்தத் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற நாட்களை நேரில் கண்ட பெரியவர். பின்னாளில் தோணிகளுக்கும் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் அவருடைய பேச்சில் இன்னும் காற்றுதான் படகோட்டுகிறது.

புறப்படும்போதே ஒரு சிறு வாக்குவாதம். படகின் அடியில் 200 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தது. அப்படியிருக்கப் பெரியவர் இருபது லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் பிடித்து வந்து கயிற்றால் கட்டி வைத்தார். "மாமா, மூணு பேருக்கு ரெண்டு நாளைக்கு இருநூறு லிட்டர் போதாதா?" என்று மருமகன் சிரித்தார். பெரியவர் விடை சொல்லவில்லை. முடிச்சை மட்டும் இறுக்கினார்.

முதல் இரவு நன்றாகவே கழிந்தது. விடியுமுன் தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தின் ஒளி இடப்புறம் தெரிந்தது. முகம் கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் நான் சொன்ன இருமல். 200 லிட்டரும் ஒழிந்துபோயிருந்தது! பெரியவர் எழுந்து வந்தார். "ராத்திரி முழுசும் ஒரு பல்லி சத்தம் கேட்டுதே சாரே. படகுல ஏது பல்லின்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்" என்றார்.

அந்தப் பல்லிதான் பம்பு. இக்காலத்துப் படகில் தண்ணீர் வருவது எங்ஙனம் என்பதைச் சொன்னால் இது விளங்கும். அடித்தட்டில் தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய் பம்புக்கு வருகிறது, பம்பிலிருந்து மற்றொரு குழாய் சமையலிடத்துக்கும் கழுவுமிடத்துக்கும் செல்கிறது. பம்பிலே அழுத்தமறியும் சுவிட்சு ஒன்று உண்டு. நாம் குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும். உடனே பம்பு ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், பம்பு நிற்கும். வீட்டில் இருப்பது போன்ற வசதி. ஆனால் அந்தச் சுவிட்சுக்கு ஒன்றே ஒன்று தெரியாது: அழுத்தத்தைக் குறைத்தது மனிதன் கையா, குழாயின் ஓட்டையா என்பது. அன்றிரவு பம்பை அடுத்திருந்த குழாயின் கிளிப் துருப்பிடித்து நெகிழ்ந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. கசியக் கசியப் பம்பு சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்டக்' என்று ஓடி அழுத்தத்தைச் சரிசெய்தது. கசிந்த நீர் படகின் அடிவயிற்றில் தேங்கியது. அங்கே தேங்கும் நீரைத் தானாகவே இறைத்து வெளியேற்ற இன்னொரு பம்பு இருந்தது; அது தன் கடமையைத் தவறாமல் செய்து, அவ்வளவு நன்னீரையும் கடலில் கொட்டிவிட்டது. இரண்டு எந்திரங்கள், இரண்டும் பழுதின்றி வேலை செய்தன. நாங்கள் மூவரும் தண்ணீரின்றி நின்றோம்.

மூவரும் என்றது பிழை. பெரியவருடைய நாற்பது லிட்டர் இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்குத் தாராளமாக வரும் என்று கணக்கிட்டேன். அவர் அந்தக் கணக்கையும் ஏற்கவில்லை. டம்ளரைத் தம் கையில் வைத்துக்கொண்டார். குளச்சல் வரும்வரை அவர் ஊற்றியதையே குடித்தோம். பாத்திரங்கள் கடல்நீரில் கழுவப்பட்டன. கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது; எஞ்சினும் ஓடியது; ஆகையால் உயிருக்கு இடர் ஏதுமில்லை. ஆனால் என் மாணவர் அந்தப் படகை வாங்கியதே, மாமன் சென்ற வழியில் மாலத்தீவுக்கு ஒருமுறை சென்றுவர வேண்டும் என்னும் ஆசையால். இதே கிளிப் அந்தப் பயணத்தின் மூன்றாம் நாள் இரவில் நெகிழ்ந்திருந்தால்? அவர் முகம் வெளுத்ததற்குக் காரணம் அந்த எண்ணமே.

அன்று பகல் முழுவதும் நான் எண்ணிப் பார்த்தது ஒன்றுண்டு. பெரியவர் காலத்துத் தோணியில் தண்ணீர் பீப்பாயில் இருந்தது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துத்தான் மொள்ள வேண்டும். பத்து நாள் தண்ணீரா, மூன்று நாள் தண்ணீரா என்பது தோணியிலிருந்த சிறு பையனுக்கும் தெரியும். பீப்பாய் நீர் நாளாக ஆக நிறம் மாறும், நாற்றம் எடுக்கும் என்பது உண்மை. ஐரோப்பியக் கடற்படைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரப்பீப்பாய்களை விட்டு இரும்புத் தொட்டிகளுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தொட்டி தட்டுக்கு அடியிலே போய்ப் பதுங்கிக் குழாய் மட்டும் வெளியே தலைநீட்டியபோது, இருப்பு நம் கண்ணை விட்டு மறைந்துவிட்டது. நிறைந்த தொட்டியின் குழாயும், கடைசிக் குடத்தை எட்டிய தொட்டியின் குழாயும் ஒரே வேகத்தில் நீரை ஊற்றும். பாய்ப்படகின் தண்ணீர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மறைவிலிருந்தே பிறப்பவை.

இனி, குழாயில் நீர் வரவில்லை என்றால் என்ன செய்வது? கடைமடையில் நீர் வராதபோது நம் உழவன் என்ன செய்கிறான்? வயலில் நின்று வாய்க்காலை வைதுகொண்டிருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறி, எங்கே நீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்துக்கொண்டே மேல்நோக்கி நடக்கிறான். படகிலும் அதுவே முறை.

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பம்பு ஓடுகிறதா? ஓடவில்லையாயின் பழுது மின்சாரத்திலே. பியூஸைப் பாருங்கள், பிறகு கம்பி முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். சுரண்டித் துடைத்தாலே பாதிக் கோளாறு தீரும். ஐயமிருந்தால் பம்புக்கு வரும் இரண்டு கம்பிகளிலும், அந்தப் பாட்டரிக்கேற்ற ஒரு சிறு விளக்கை மாட்டிப் பார்க்கலாம். விளக்கு நன்றாக எரிந்தால் கம்பியில் குற்றமில்லை. பம்போ அதன் சுவிட்சோதான் குற்றவாளி. மங்கலாக எரிந்தால் இன்னும் எங்கோ பச்சை பூத்திருக்கிறது.

பம்பு ஓடியும் நீர் வரவில்லையாயின், பழுது பெரும்பாலும் பம்புக்கும் தொட்டிக்கும் இடையே இருக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பம்புக்கு அப்பால், அதாவது நீரைத் தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், நீர் வெளியே சொட்டும், கண்டுபிடித்துவிடலாம். பம்புக்கு முன்பாக, நீரை உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், ஒரு துளியும் சொட்டாது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். பம்பு நீருக்குப் பதிலாகக் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடும். குழாயைத் தடவிப் பார்ப்பவர் "எல்லாம் உலர்ந்திருக்கிறது, ஓட்டை இல்லை" என்று சொல்லிவிடுவார். வடிகட்டியின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் சற்றே காய்ந்திருந்தால் போதும், இந்த வேடிக்கை நடக்கும்.

இதைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று. தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு சிறு குழாய்த் துண்டை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். பம்பு வாளி நீரை இறைத்தால் பம்பு நல்லது. பழுது தொட்டியின் பக்கம். இறைக்கவில்லையாயின் பம்பையே பிரிக்க வேண்டும். ஒரே சோதனையில் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வகுப்பிலே பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடங்களுள் இதைவிடப் பயனுள்ளது ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை!

நீர் விட்டுவிட்டு வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வெளியேறும் பக்கத்து வடிகட்டி அடைத்திருக்கலாம். அப்போது அழுத்தம் சட்டென்று ஏறிப் பம்பு படபடவென்று நின்று நின்று ஓடும். மற்றொன்று, தொட்டியின் காற்றுக்குழாய். இளநீர்க் குழலில் நீரை உறிஞ்சி மேல்வாயை விரலால் மூடினால், நீர் கீழே இறங்காமல் தொங்கி நிற்பதைக் குழந்தைகள் எல்லாம் விளையாடிப் பார்த்திருப்பார்கள். தொட்டியிலிருந்து நீர் வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டினாலும், உப்புப் படிந்து அடைத்தாலும், தொட்டி நிறைய நீர் இருந்தும் பம்பு திணறும்.

இதுவரை சொன்னவை எஞ்சின் படகுக்கும் பொருந்தும். தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கும் நம் மீனவர்களும் இவற்றையெல்லாம் அறிவார்கள். பாய்ப்படகுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அது சாய்வு. காற்றடிக்கும்போது பாய்ப்படகு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும். அப்போது தொட்டியிலுள்ள நீர் முழுவதும் தாழ்ந்த பக்கத்தில் குவியும். உறிஞ்சும் குழாயின் வாய் உயர்ந்த பக்கத்தில் இருந்தால், பாதித் தொட்டி நீர் இருக்கும்போதே பம்பு காற்றை விழுங்கும். தொட்டி காலி என்று நாம் அஞ்சுவோம். படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்கினால் நீர் வந்துவிடும். இருபுறமும் தொட்டி வைத்து நடுவே குழாயால் இணைத்திருந்தாலோ, உயர்ந்த தொட்டி நீரெல்லாம் தாழ்ந்த தொட்டிக்கு இறங்கி, சாய்ந்த பக்கத்துக்கே மேலும் பளுவேற்றும். ஆகையால் இணைப்புக் குழாயின் வால்வைப் பயணத்தில் மூடியே வைத்தல் வேண்டும்.

சாய்வினால் வரும் மற்றொரு கேடு இதனினும் கொடியது. காற்றுக்குழாயின் வாயைப் படகின் பக்கச்சுவரில் வைப்பது பலருடைய வழக்கம். படகு அந்தப் பக்கம் சாயும்போது அந்த வாய் கடலுக்குள் மூழ்கும். நன்னீர்த் தொட்டிக்குள் உப்புநீர் சத்தமின்றி இறங்கும். மேல்தட்டில் தண்ணீர் ஊற்றும் துளையின் மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் இவ்விரண்டையும் முதலில் பாருங்கள்.

அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால், வெப்பத்தில் நெடுநாள் தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன என்று கொள்க. தொட்டியை ஒழித்துத் தேய்த்துக் கழுவிக் குளோரின் கலந்த நீரை எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் நிறுத்திப் பின் வடித்துவிட வேண்டும். குடிக்கும் நீரிலே ஐயம் ஏற்பட்டால் காய்ச்சிக் குடிப்பது மேல். எரிபொருள் இல்லையாயின், வாசனை சேர்க்காத, ஐந்தாறு சதவீத வீட்டுக் குளோரின் திரவத்தில் தெளிந்த நீர் லிட்டருக்கு இரண்டு துளி கலந்து அரைமணி நேரம் வைத்திருந்து குடிக்கலாம்.

டீசல் வாடை வந்தால் குளோரினால் பயனில்லை. இந்தத் துன்பத்தை நம் நாட்டு மாலுமி ஒருவர் பட்டிருக்கிறார். கடற்படை அதிகாரியான அபிலாஷ் டோமி, 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து 'மாதேய்' என்னும் பாய்ப்படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, எத்துறையிலும் நில்லாமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று மும்பை திரும்பினார். அவ்வாறு சுற்றிய முதல் இந்தியர் அவரே. அந்தப் பயணத்திலே அவருடைய குடிநீரில் டீசல் கலந்துவிட்டது. எஞ்சிய சிறிதளவு நீரை அளந்தளந்து குடித்துக் கரைசேர வேண்டியதாயிற்று. தென்கடலின் மலையலைகளைக் கடந்து வந்த ஒருவரை ஒரு தொட்டியின் அழுக்கு அலைக்கழித்தது! நம்மைப் போன்றவர்களுக்கு டீசல் கலப்பது பெரும்பாலும் வேறு வழியால்: மேல்தட்டில் தண்ணீருக்கு ஒரு துளை, டீசலுக்கு ஒரு துளை, இரண்டும் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; அவசரத்தில் ஊற்றுகிறவன் மாற்றி ஊற்றிவிடுவான். இரண்டு மூடிக்கும் இரண்டு நிறம் பூசப் பத்து ரூபாய்ச் சாயம் போதும்.

கடல்நீரையே நன்னீராக்கும் ஆர்.ஓ. எந்திரங்கள் இப்போது சிறு படகுகளிலும் வந்துள்ளன. நல்லவையே. ஆயினும் அவை காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை நுண்ணிய சவ்வின் வழியே தள்ளுபவை. அந்தச் சவ்வுக்கு எண்ணெயும் ஆகாது, குளோரினும் ஆகாது. துறைமுகத்து எண்ணெய் மிதக்கும் நீரில் ஓட்டினாலும், குளோரின் கலந்த தொட்டி நீரால் கழுவினாலும் கெட்டுவிடும். எந்திரம் இருக்கிறதென்று தொட்டியைப் பாதி நிரப்பிப் புறப்படுவது அறிவுடைமையன்று.

தண்ணீர் தீர்ந்தால் கடல்நீரைக் கொஞ்சம் குடித்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புடையது. நம் சிறுநீரகமோ லிட்டருக்குச் சுமார் 20 கிராமுக்கு மேல் உப்பைச் செறித்து வெளியேற்ற வல்லதன்று. எனவே ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர் உடலிலிருந்து போகவேண்டும். குடித்தவன் குடிக்காதவனைவிட விரைவில் வறண்டுபோவான். இது ஏட்டுக் கணக்கன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கரையைத் தாக்கியபோது, படகு கவிழ்ந்து நாட்கணக்கில் மிதந்தவர்களுள் மீண்டு வந்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். மீளாதவர்களின் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளைக் கடந்து செல்லும்போது கிளிப், ரப்பர் வளையம் என்னும் சொற்கள் எனக்குச் சிறிய சொற்களாகத் தோன்றுவதில்லை.

குளச்சலில் இறங்கியதும் என் மாணவர் செய்த மாற்றங்களைச் சொல்லி முடிக்கிறேன். நைந்த குழாய் முனையை வெட்டிவிட்டுத் துருவேறாத கிளிப் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார். பம்பின் சுவிட்சைச் சமையலிடத்திலேயே வைத்து, தண்ணீர் பிடித்தவுடன் அணைப்பதை வழக்கமாக்கினார். குடிநீருக்கென்று காலால் மிதிக்கும் பம்பு ஒன்றைத் தனியே பொருத்தினார். மிதித்த அளவே நீர் வரும். தூங்கும்போது அது தானாக ஓடாது. ஒரே தொட்டியை நம்பாமல், ஒன்றோடொன்று கலவாத இரண்டு தொட்டிகள் வைத்தார். மழை பெய்தால் ஏந்த ஒரு துணியும் தைத்துக்கொண்டார். முதல் மழை பாயிலும் துணியிலும் படிந்த உப்பைக் கழுவிப் போனபின், சுவைத்துப் பார்த்துத் தனிக் கேனில் பிடிக்க வேண்டும் என்பது மாமன் சொன்ன திட்டம். ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வோர் அளவுக்கும் அதில் கோடு கீறிக்கொண்டார்.

நான் செய்தது ஒன்றே. வீட்டிலே எழுதப்படாமல் கிடந்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், மாணவர் வருகைப் பதிவேடு போலக் கட்டம் போட்டு, தேதி, மாலை இருப்பு, செலவு என்று தலைப்பெழுதிக் கொடுத்தேன். மாலத்தீவுப் பயணத்துக்கு முன் பழக்கத்துக்காக விழிஞ்ஞம் வரை ஒருமுறை போய்வந்தார்கள். நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். இரண்டு நாள், மூன்று பேர், 22 லிட்டர் என்றிருந்தது. கையெழுத்து பெரியவருடையது, கேன் இரண்டும் அப்படியே நிறைந்திருப்பதாகவும் ஓரத்தில் குறித்திருந்தார்.